வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார்

பிரேக்கை அழுத்தினால் வண்டி ஆடுகிறது என்பதைத் தேவிப்பிரியா கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தாள். சொன்னால் வண்டி யாருடையது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அது அவள் கணவர் அசோக்கின் வண்டி. வெண்சுடர் கம்பெனியின் மின்சாரக் கார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அசோக், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே வீடு கட்டிக்கொண்டு வந்த கையோடு ஆசை ஆசையாக வாங்கியது. ஆடி மாதத்தில் ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர், பணிமனை வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் வண்டியைக் கொண்டுவந்து, ஏரியைப் பார்த்தபடி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைத் தேவிப்பிரியாவின் கையில் கொடுக்கத் தயங்கி டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம் முழுக்க வண்டி அங்கேயே நின்றது. ஏரி நிரம்பியது, வடிந்தது. சாவி டிவி மேலேயே கிடந்தது.

தை பிறந்த பிறகுதான் அவள் அதைக் கையில் எடுத்தாள். அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் அவள் பிசியோதெரபிஸ்ட். மகள் தீபிகாவின் பள்ளியும் அதே வழிதான். எத்தனை நாள்தான் ஆட்டோவில் போவது? வண்டியில் ஏறிப் பட்டனைத் தட்டினாள். திரை ஒளிர்ந்தது.

"வணக்கம் அசோக். இன்று எங்கே போகலாம்?"

அன்றைக்கு அவள் எங்கேயும் போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கிளம்பினாள்.

அண்ணனூர் தாண்டி ஓர் இடத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தாள். ஸ்டீயரிங் படபடவென்று உதறியது. பெடல் காலுக்கடியில் துள்ளியது. சீட்டோடு சேர்ந்து உடம்பு குலுங்கியது. எருமை நிதானமாகக் கடந்து போனது. பக்கத்தில் தீபிகா கண்களை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பா காலாட்டறாரு."

அசோக்குக்கு அந்தப் பழக்கம் உண்டு. சோபாவில் உட்கார்ந்தாலும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலும் வலது காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். டம்ளரில் தண்ணீர் நடுங்கும். தேவிப்பிரியா எத்தனை தரம் திட்டியிருக்கிறாள். தீபிகா சொன்னதைக் கேட்டு அவள் சிரித்துவைத்தாள். ஆனால் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு, அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலையில், வேண்டுமென்றே வேகம் எடுத்து மிதித்துப் பார்த்தாள். ஆடியது. இன்னொரு தரம் மிதித்தாள். அதன் பிறகு தன்னை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

இப்படியே ஓடியிருக்கும். மணல் லாரி ஒன்று திடீரென்று நின்ற அன்று, ஆடிய ஆட்டத்தில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க நிறைந்த பிறகுதான் நின்றது. தீபிகா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் தேவிப்பிரியா நசரத்பேட்டைக்குப் போனாள்.

பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைச் சர்வீஸ் சென்டர் என்று சொல்லக்கூடாது. வெண்சுடர் வாகன நல மையம் என்று சொல்ல வேண்டும். வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கியது. வாடிக்கையாளர் அதை அடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். அடித்ததும் உள்ளே இருக்கிற எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். குளிரூட்டிய கூடத்தில் எலுமிச்சைப்புல் வாசனை. கிரீஸ் வாசனையோ இரும்புச் சத்தமோ எங்கும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் கைகூப்பிக்கொண்டு வந்தான்.

"வெண்சுடர் குடும்பத்துக்கு மறுபடியும் வருக. நான் கோகுல்நாத், உங்கள் பயணத் தோழன்."

"பிரேக் போட்டா வண்டி ஆடுதுங்க."

கோகுல்நாத் அக்கம்பக்கம் பார்த்தான். "'ஆடுது'ங்கற வார்த்தையை நாங்க பயன்படுத்தறதில்லை மேடம். உங்களுக்கு ஓர் உணர்வு ஏற்பட்டிருக்கு."

வண்டியின் வயிற்றில் ஒரு கம்பியைச் செருகினான். சுவரில் இருந்த பெரிய திரையில் வண்டியின் படம் தோன்றி, தலையிலிருந்து கால்வரை பச்சையாக மின்னியது.

"பாருங்க. நல்லா இருக்கேன்னு வண்டியே சொல்லுது."

"நீங்க ஒரு தரம் ஓட்டிப் பாருங்களேன்."

"ஓட்டிப் பாக்கறது பழைய முறை மேடம். வண்டிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றான், மனப்பாடம் செய்த குரலில். "உங்க உணர்வைப் பதிவு பண்ணிடலாம். ஆனா முதன்மைப் பயனர் வந்து சொல்லணும். அசோக் சார் இல்லையா?"

"இல்லை," என்றாள் தேவிப்பிரியா.

"எப்ப வருவார்?"

அவள் வாயைத் திறந்தாள். ஆடி மாதத்திலிருந்து அந்த ஒரு சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவளுடைய அண்ணன் சொல்லிவிட்டான். மற்ற இடங்களில் 'அவர் இல்லை' என்பதே போதுமாக இருந்தது.

"வரமாட்டார்."

"அவ்வளவு பிஸி! பரவாயில்லை, அவர் போனுக்கு ஓடிபி அனுப்பறேன்."

அவளுடைய கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அசோக்கின் போன். தினமும் சார்ஜ் போட்டு எடுத்துவைத்துக்கொள்வாள். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண்ணைப் படித்துக் காட்டினாள். உடனே இன்னொரு செய்தி வந்தது: "நன்றி அசோக். உங்கள் உணர்வை மதிக்கிறோம்."

"போனையே உங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்காரே! இந்தக் காலத்துல எந்தப் புருஷன் மேடம் அப்படிச் செய்வான்?" என்று கோகுல்நாத் வியந்தான்.

வண்டியை ஒருநாள் வைத்திருந்து மென்பொருளைப் புதுப்பித்தார்கள். திருப்பிக் கொடுக்கும்போது தாம்பாளத்தில் சாவியை வைத்து நீட்டினார்கள். மறுபடி கைதட்டினார்கள். பூந்தமல்லி சிக்னலில் அவள் பிரேக்கை மிதித்தபோது வண்டி முன்பு போலவே உதறியது. ஒரேயொரு முன்னேற்றம் இருந்தது. உதறும்போது இப்போது ஒரு பெண்குரல், தாலாட்டுவது போல, பேசியது.

"பதற்றம் வேண்டாம் அசோக். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்."

தேவிப்பிரியா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கைப்பைக்குள் அதிர்ந்த போனில் வந்திருந்த செய்தி: "ஐந்து நட்சத்திரம் வழங்கியதற்கு நன்றி அசோக்." அவள் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டு, யார் வழங்கியது என்று கேட்டாள்.

"பதில் வரலேன்னா முழுத் திருப்தின்னு எடுத்துப்போம் மேடம்," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"அவர் எப்படிம்மா பதில் சொல்வார்?"

"அதேதான் மேடம். குறை இருக்கறவங்கதான் பேசுவாங்க. சார் பேசவே இல்லையே."

மறுபடி நசரத்பேட்டை. மறுபடி மணி, கைதட்டல். இந்த முறை அவளைப் பார்க்க மண்டல மகிழ்ச்சித் தலைவர் உலகநாதனே வந்திருந்தார். நிரம்பிய உடம்பு, தொங்கும் கன்னங்கள், காதோரம் ஒரு கருவி. அவர் உட்கார்ந்தபடி பேசுவதில்லை. இரண்டு பேர் எதிரில் இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"எங்க நிறுவனத்துல போன வருஷம் ஓர் ஆராய்ச்சி பண்ணினோம்மா. புகார்கள் எங்கிருந்து வருதுன்னு தேடினோம். அத்தனை புகாரும் வாடிக்கையாளர்கள்கிட்டேருந்துதான் வருது! வண்டிகள்கிட்டேருந்து ஒண்ணுகூட வரல. அப்ப யாரைத் திருத்தணும்? இது புரிஞ்ச அன்னிக்கே பட்டறையை மூடிட்டு இந்தக் கூடத்தைக் கட்டிட்டோம்."

"நீங்க என்கூட வந்து ஒரு தரம் பாருங்க சார்," என்றாள் தேவிப்பிரியா.

பெருந்தன்மையோடு சம்மதித்தார். கையிலிருந்த இளநீர் டம்ளரோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்து அவள் பிரேக்கை மிதித்தாள். ஸ்டீயரிங் உதறியது. உலகநாதனின் கன்னங்கள் தனித்தனியாக ஆடின. இளநீர் எகிறி அவருடைய டையில் வழிந்தது.

"ஒ...ஒ...ண்...ணு...மே... இ...ல்...லை...ம்மா," என்றார்.

வண்டி நின்றது. பதற்றம் வேண்டாம் என்று பெண்குரல் அசோக்குக்குச் சொன்னது. உலகநாதன் டையைப் பிழிந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

திரும்பி வந்ததும் அவர் மையத்தின் கணினியில் எதையோ தேடினார். பிறகு, மிகுந்த பரிவோடு, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்கம்மா. தையிலேருந்து இந்த வண்டியை ஓட்டறது அசோக் சார். ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் பேர்தான் பதிவாகியிருக்கு. நீங்க ஒருநாளும் ஓட்டினதில்லை. ஓட்டாதவங்களுக்கு பிரேக் பத்தி எப்படித் தெரியும்?"

"இப்ப உங்களை வெச்சு ஓட்டினது யாரு சார்?"

"அசோக் சார்," என்றார் உலகநாதன், திரையைத் தொட்டுக் காட்டி. "சொல்லக்கூடாது, முன்னெல்லாம் கொஞ்சம் வேகமா ஓட்டுவார். ஆடிக்கு அப்புறம் மனுஷன் ரொம்ப மாறிட்டார். இப்ப என்ன நிதானம், என்ன பக்குவம்!"

தேவிப்பிரியா திரையைப் பார்த்தாள். அன்றன்றைக்கு அவள் போன பாதைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆவடி, அம்பத்தூர், பள்ளி, மருத்துவமனை. ஒவ்வொன்றின் மேலும் அசோக், அசோக். ஆளில்லாத சாலையில் அவள் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்த அந்தக் காலைகூட இருந்தது. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. தன் கைகளை மேஜைக்கடியில் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தீபிகா முன்சீட்டில் உட்கார மறுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க இடமில்லம்மா," என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று தேவிப்பிரியா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். தீபிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே ஆவடி செக்போஸ்ட் அருகே ஓர் ஆட்டோ சட்டென்று திரும்பியது. வண்டி உதறிக்கொண்டே போய் ஆட்டோவின் பின்புறத்தை முட்டி நின்றது. உள்ளே இருந்த கர்ப்பிணிப் பெண் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று அவளே பல தரம் சொன்ன பிறகும் தேவிப்பிரியாவால் அவள் கையை விட முடியவில்லை.

தீபிகாவை வீட்டில் விட்டுவிட்டு நேராக நசரத்பேட்டைக்குப் போனாள். மணியை அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுச்சுவரில் அசோக்கின் படம் மாட்டியிருந்தது. வண்டி வாங்கிய அன்று இதே கம்பெனி எடுத்த படம். பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். சந்தன மாலை போட்டிருந்தார்கள். சுற்றிலும் சீரியல் விளக்குகள் மினுக்கின. கீழே ஒரு சின்ன மேடையில் பழத்தட்டு. 'இம்மாதத்தின் தலைசிறந்த பயனர். ஆடி முதல் ஒரு புகாரும் இல்லை.'

வீட்டில் அவள் இன்னும் அவர் படத்தை மாட்டவில்லை. மாட்டினால் மாலை போட வேண்டியிருக்கும்.

"வாங்கம்மா, வாங்க!" உலகநாதன் எழுந்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். "சாரை ஒருநாள் நேர்ல பாத்துக் கையைக் குலுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. இப்படி எல்லா வாடிக்கையாளரும் அமைஞ்சா நாட்டுல பிரச்சினையே இருக்காதும்மா. கேள்வி இல்லை, கோபம் இல்லை. எங்க லட்சிய மனிதர்!"

தேவிப்பிரியா அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. சீரியல் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அவள் திரும்பி, தான் வண்டியை விட்டிருந்த, கூடத்துக்குப் பின்னால் உள்ள வெள்ளைத் தரைக்கு நடந்தாள். தன் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கோகுல்நாத், இங்க வாங்க. மெதுவா அழுத்தினா ஆடல. அழுத்தி மிதிச்சாத்தான் ஆடுது. மெதுவா அழுத்தும்போது எது நிறுத்துது?"

"மோட்டாரே நிறுத்திடும் மேடம்."

"அழுத்தி மிதிச்சா?"

"அப்பதான் நிஜ பிரேக் புடிக்கும்."

"அப்ப நோவு அங்கதான் இருக்கு. எங்கிட்ட வர்ற முழங்காலை நான் கம்ப்யூட்டர்ல பாக்கறதில்லை, மடக்கித்தான் பாப்பேன். சக்கரத்தைக் கழட்டுங்க."

கூடத்தில் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா," என்றார் உலகநாதன், குரல் தழுதழுக்க. "இந்த மையம் திறந்த நாளிலேருந்து இங்க ஒரு சக்கரம் கழட்டப்பட்டதில்லை. சக்கரத்தைக் கழட்டினா நாம வண்டியைச் சந்தேகப்படறோம்னு ஆயிடும். இன்னிக்குச் சக்கரம், நாளைக்குக் கதவு. எங்க போய் நிக்கும் இது?"

"நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

உட்கார்ந்திருந்தாள். மற்ற வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, கழற்றலாம் என்றாலும் அந்தக் கட்டடத்தில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை என்று. கோகுல்நாத் சாலையைத் தாண்டி ஓடி, எதிரிலிருந்த பஞ்சர் கடையில் ஜாக்கியும் ஸ்பேனரும் இரவல் வாங்கி வந்தான். வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டி போட்டு அவனே சக்கரத்தைக் கழற்றினான்.

உள்ளே வட்டத் தகடு செம்பழுப்பாக இருந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும், மாதக்கணக்கில் பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டு நின்ற இடத்தில், உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஓர் அச்சு. யாரோ பிடித்துக்கொண்டு விட மறுத்ததுபோல் இருந்தது. தேவிப்பிரியா விரலால் அதைத் தடவினாள். அந்த இடம் மட்டும் மேடாக விரலில் இடறியது.

உலகநாதன் குனிந்து பார்த்தார். "துரு என்கிற சொல் நம்ம அகராதியில இல்லை," என்றார். "செம்மைன்னு வேணா சொல்லலாம். தகடு செம்மை அடைஞ்சிருக்கு." சொல்லிவிட்டு, டை ஈரமாக இல்லையே என்று தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோகுல்நாத் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடி பேசினான். இப்போது அவனுடைய குரல் வேறாக இருந்தது.

"மொத நாளே தெரியும் மேடம். நானும் இஞ்சினீரிங் படிச்சவன்தான். ஏரிக்காத்துல, மழைல மாசக்கணக்கா நின்னுகினு இருந்தா துரு புடிக்காம இன்னா பண்ணும்? பெட்ரோல் வண்டின்னா ஓட ஓட பிரேக் தேச்சே துரு போயிடும். இதுல மோட்டாரே நிறுத்திடுது, கட்டை தகட்டைத் தொடறதே கம்மி. துரு அப்டியே குந்திக்குது."

"ஏன் சொல்லல?"

"எதுல சொல்றது மேடம்? எங்க மெனுல அப்டேட் கீது, ரீஸ்டார்ட் கீது, வாழ்த்து கீது. துரு இல்ல. இல்லாததைச் சொன்னா அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன். ஊட்ல கல்யாணத்துக்கு ஒரு தங்கச்சி கீறா."

ஸ்பேனரைச் சட்டையில் துடைத்தான். பிறகு சொன்னான். "நாளைக்கு எனக்கு லீவு மேடம். தகட்டைக் கழட்டிகினு வரேன். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்துல குடுத்துக் கடைசல் போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும்."

கடைசல் போட்டார்கள். புதுக் கட்டைகள் மாட்டினார்கள். அதன் பிறகு வெளிவட்டச் சாலைக்குப் போய், மோட்டாரே வண்டியை நிறுத்துவதைக் குறைத்துவைத்துவிட்டு, வேகம் எடுத்து எடுத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னான் கோகுல்நாத். புதுக் கட்டையும் தகடும் பழக வேண்டுமாம். அவன் பின்சீட்டில்தான் ஏறினான். முன்சீட்டைப் பார்த்தான், என்ன நினைத்தானோ, பின்னால் போய்விட்டான்.

முதல் தரம் மிதிக்கும்போது அவள் உடம்பு தானாகவே உதறலுக்குத் தயாரானது. பற்களைக் கடித்துக்கொண்டாள். வண்டி நின்றது. வெறுமனே நின்றது. எரிந்த வாசனை லேசாக வந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடி மிதித்தாள். கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. அந்தப் பெண்குரல்கூடப் பேசவில்லை. பதற்றம் வேண்டாம் என்று சொல்வதற்கு இப்போது ஒன்றும் இல்லை.

"சூப்பர் மேடம்!" என்றான் கோகுல்நாத்.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். இடப்பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அது ஒரு சீட், அவ்வளவுதான். இத்தனை நாள் அதை அப்படிப் பார்த்ததில்லை. கோகுல்நாத் இறங்கி, எதற்கோ சாலையோரத்துச் செடிகளைப் பார்ப்பவன்போல் தூரமாக நடந்துபோனான். அவள் கூப்பிடும்வரை திரும்பி வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பும்போது தீபிகா கொஞ்சம் தயங்கிவிட்டு முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அண்ணனூர் அருகே நெரிசலில் தேவிப்பிரியா பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டிவந்தது. வண்டி சத்தமில்லாமல் நின்றது. தீபிகா அம்மாவின் காலைப் பார்த்தாள், பெடலைப் பார்த்தாள்.

கைப்பைக்குள் அசோக்கின் போன் அடித்தது. தேவிப்பிரியா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"வணக்கம். வெண்சுடர் குடும்பத்திலேருந்து பேசறோம். அசோக் சார் இருக்காங்களா?"

"இல்லை."

"எப்ப கூப்பிட்டா இருப்பாங்க மேடம்?"

தீபிகா திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவிப்பிரியா போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர் செத்துப் போயிட்டார்ம்மா. ஆடி மாசம். அன்னிக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே செத்துட்டார். வண்டியை நான்தான் ஓட்டறேன். என் பேர் தேவிப்பிரியா. பிரேக் இப்ப நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"மேடம்..." அந்தப் பெண்ணின் குரலில் இப்போது குழைவு இல்லை. சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும். "திருப்தி, மிகத் திருப்தி, முழுத் திருப்தி... இதுதான் இருக்கு மேடம் எங்கிட்ட. நீங்க சொன்னதுக்கு இங்க பட்டன் இல்ல."

"பட்டன் வேணாம்மா. நீ காதால கேட்டுக்கிட்டா போதும்."

நெரிசல் மெல்ல நகர்ந்தது. பேருந்துகள் தாண்டிப் போயின. போனுக்குள் தூரத்தில், வேறு வேறு குரல்கள் வேறு வேறு பேருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

"கேட்டுட்டேன்க்கா," என்றாள் அந்தப் பெண்.

தீபிகா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள், ஆடி மாதத்திலிருந்து அழாத அழுகையை. தேவிப்பிரியா பெல்ட்டை விடுவித்து மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். மடியில் கிடந்த போனில் அந்தப் பெண் இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.